உடல் எடையும் நம் வீட்டுப் பெண்மக்களும்

 

ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பின் இமாமிடம் வந்து நிற்பவர்கள் முன்பெல்லாம் ஜகாத் கணக்குக் கேட்பார்கள். வாரிசுப் பங்கு கேட்பார்கள். கண்ட கனவுக்கு விளக்கம் கேட்பார்கள். இப்போது கோடம்பாக்கம் வட்டாரத்தில் இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. "ஹள்ரத், மகளுக்கு உடம்பு பெருத்துக்கொண்டே போகிறது. வரன் பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஏதாவது ஓதித் தாருங்கள்" என்கிறார்கள். ஓதித் தண்ணீர் தருவதில் நமக்குத் தயக்கமில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் இறங்குகிற வயிற்றில் மற்ற வேளைகளில் என்னென்ன இறங்குகிறது என்று கேட்பதும் நம் கடமையாகிறது.

கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டில் எல்லோரும் உண்பதையே அந்தப் பெண்ணும் உண்டு வளர்ந்தாள். எடையைப் பற்றிய பேச்சு எழுந்த பிறகும் அடுப்பில் ஏறும் பானை மாறவில்லை. அத்தாவுக்கு அதே சோறு, தம்பிக்கு அதே பரோட்டா. அவள் மட்டும் முதலில் காலைப் பசியாறலை விட்டாள். பிறகு இரவுச் சாப்பாட்டை விட்டாள். மூன்றாம் வாரம் வேலைக்குப் போகும் வழியில் தலைசுற்றி அமர்ந்தாள். பானையில் உள்ள குறைக்கு வீட்டில் ஒருத்தி மட்டும் பட்டினி கிடக்கிறாள். இது முறையா என்பதை ஒவ்வொரு பெற்றோரும் சிந்திக்க வேண்டும்.

அளவுகோல் யாருடையது?

அபூதாவூத், இப்னு மாஜா ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் ஒரு செய்தி பதிவாகியுள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புமுன் அவர்களுக்குச் சற்றுச் சதைபிடிக்க வேண்டுமென்று அவர்களின் தாயார் என்னென்னவோ செய்து பார்த்தார்களாம். எதுவும் பலிக்கவில்லை. பின்னர் வெள்ளரிக்காயுடன் பழுத்த பேரீச்சம்பழத்தைச் சேர்த்து உண்ணக் கொடுத்த பிறகுதான் உடல் தேறியதாக அன்னையே கூறுகிறார்கள். அக்காலத் தாய் மகள் மெலிந்திருக்கிறாளே என்று கவலைப்பட்டார். இக்காலத் தாய் பருத்திருக்கிறாளே என்று கவலைப்படுகிறார். கவலை ஒன்றுதான், ஊராரின் கண் மாறியிருக்கிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் அன்னையுடன் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். அன்னை முந்தினார்கள். காலம் சென்று, அன்னைக்கு உடல் கனத்த பின் மீண்டும் ஒரு பந்தயம். இம்முறை நபியவர்கள் முந்தினார்கள்; முந்தையதற்கு இது ஈடாகிவிட்டது என்று விளையாட்டாகச் சொன்னார்கள். தமக்கு உடல் கனத்திருந்தது என்பதை அன்னை எவ்விதக் கூச்சமுமின்றித் தாமே அறிவிக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மனைவியின் உடல் மாறியதைக் குத்திக்காட்டும் சொல் அங்கே ஒன்றுமில்லை. மாறிய பிறகும் ஓடலாம் வா என்ற அழைப்பு இருக்கிறது. எடை கூடிய பெண்ணிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரியாத கணவன்மார்களுக்கும் மாமியார்களுக்கும் இதைவிட வேறென்ன பாடம் வேண்டும்?

நாம் வாழும் இடமோ கோடம்பாக்கம். நவாபுடைய குதிரைகள் நின்ற தோட்டமாதலால் 'கோடா பாக்' என்றிருந்து இப்பெயர் மருவியது என்று சொல்வார்கள். குதிரை போய்ப் படப்பிடிப்பு நிலையங்கள் வந்தன. வாஹினி, ஏ.வி.எம். முதலிய பெயர்களால் இவ்வட்டாரம் தமிழ்நாடு முழுவதும் அறியப்பட்டது. சினிமாவைப் பற்றிப் பேசுவது நமது வேலையன்று. எனினும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் இதே கோடம்பாக்கம் திரையில் காட்டிய நாயகியர் பூசினாற்போன்ற உடலினர். அன்றைய பெண்கள் அதை அழகென்று நம்பினார்கள். இன்று அதே திரை எலும்பு தெரியும் உருவத்தைக் காட்டுகிறது. இன்றைய பெண்கள் அதை அழகென்று நம்புகிறார்கள். வியாபாரிகள் மாற்றிக்கொண்டே இருக்கும் அளவுகோலுக்கு நம் வீட்டுப் பெண்மக்கள் தம் உடலை வெட்டிக் கொடுக்க வேண்டுமா?

இது வெறும் பேச்சன்று. 2025 மார்ச் மாதம் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த 18 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் தலச்சேரி மருத்துவமனையில் உயிரிழந்தார். உடல் பருத்துவிடுமோ என்ற அச்சத்தில், இணையத்தில் கண்ட முறைகளைப் பின்பற்றி மாதக்கணக்கில் உணவைச் சுருக்கி, இறுதியில் ஏறத்தாழத் தண்ணீரிலேயே காலம் தள்ளியிருக்கிறார். மருத்துவர்கள் இதை 'அனோரெக்ஸியா' என்னும் உளநோய் என்றார்கள். எலும்பும் தோலுமாக ஆன பிறகும் தான் பருத்திருப்பதாகவே நோயாளியின் கண்ணுக்குத் தோன்றும். அந்நிலையில் உள்ளவரை அதட்டி உண்ண வைக்க இயலாது. மனநல மருத்துவரின் சிகிச்சை வேண்டும். உங்கள் மகள் சாப்பிட்டுவிட்டதாகப் பொய் சொல்கிறாளா, உண்டபின் கழிவறையில் நெடுநேரம் இருக்கிறாளா, மாதவிடாய் நின்றுவிட்டதா, முடி கொட்டுகிறதா என்று தாய்மார்கள் கவனியுங்கள்.

எவ்வளவு இருக்கலாம்?

எடையைத் தனியாகப் பார்ப்பதில் பொருளில்லை. உயரத்துடன் சேர்த்தே பார்க்க வேண்டும். கிலோகிராம் எடையை, மீட்டரில் கணக்கிட்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அது 18.5க்குக் கீழே இருந்தால் மெலிவு. உலக அளவில் 25க்கு மேல் அதிக எடை என்பார்கள். நம் நாட்டவருக்கு ஒப்பீட்டளவில் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் தோன்றுவதால், இந்திய மருத்துவர்கள் 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கை என்கிறார்கள். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு இது ஏறத்தாழ 44 கிலோவிலிருந்து 55 கிலோ வரை. பதினோரு கிலோ இடைவெளி இருக்கிறது பாருங்கள்! 54 கிலோ உள்ள மகளை 45க்குக் கொண்டுவரத் துடிப்பவர்கள் நோயில்லாத உடலுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள்.

எடையை விடவும் இடுப்புச் சுற்றளவு உண்மை பேசும். பெண்களுக்கு அது 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தையல் டேப் இல்லாத வீடு ஏது?

இதனால் கவலையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகப் பெண்களில் 40.4 சதவீதத்தினர் அதிக எடையினர். அதற்கு முந்தைய ஆய்வில் இது 30.9 சதவீதம். இது 25 என்ற தளர்வான அளவை வைத்து எடுத்த கணக்கு. அதே ஆய்வு, நம் மாநிலப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை என்றும் சொல்கிறது. உடல் பெருத்திருக்கிறது, உள்ளே இரத்தம் இல்லை. உணவு மிகுதியாகவும் சத்துக் குறைவாகவும் இருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இந்நிலையில் உள்ள பெண்ணைப் பட்டினி போட்டால் எஞ்சியுள்ள இரத்தமும் போகும்.

பானையில் என்ன இருக்கிறது?

சென்னை கோபாலபுரத்தில், நமக்குச் சில மைல் தொலைவில், மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அம்மையம் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தபோது, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று தெரிந்து பலரும் திடுக்கிட்டோம். 2025இல் அதே ஆய்வின் உணவுப் பகுதி வெளிவந்தது. நாம் உண்ணும் ஆற்றலில் 62 சதவீதம் அரிசி, கோதுமை, சர்க்கரை முதலிய மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அதில் ஐந்து சதவீதப் பங்கை மட்டும் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினாலே நோய் அபாயம் குறைகிறது என்கிறது அது. அரிசியை விட்டுக் கோதுமைக்கு மாறுவதால் மட்டும் பயன் இல்லை என்பதும் அதில் தெளிவாயிற்று. இரவில் சோற்றுக்குப் பதிலாக ஆறு சப்பாத்தி உண்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் அமர்ந்து வேலை செய்யும் இளம்பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1660 கலோரி போதும் என்று ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வரையறுத்தது. இதைச் செலவுப் பணமாக எண்ணுங்கள். ஒரு கோப்பைச் சோறு 200. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120. ஒரு தேக்கரண்டி சர்க்கரை 20. நாளொன்றுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் சர்க்கரை மட்டுமே 160 கலோரி. ஓராண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். ஏட்டுக் கணக்கில் ஏழு கிலோ கொழுப்புக்குச் சமம். உடல் ஏட்டுக் கணக்கைப் போல நேராக நடப்பதில்லை என்பது உண்மைதான். ஆயினும் சோற்றைப் பழிக்குமுன் தேநீர்க் கோப்பையைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இக்கணக்குப் போதும்.

எண்ணெய்க்கு இன்னும் எளிய சோதனை உண்டு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கைந்து தேக்கரண்டி எண்ணெய் போதும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்று லிட்டர். மாதக் கடைசியில் காலிப் பாக்கெட்டுகளை எண்ணுங்கள். ஐந்தும் ஆறும் இருந்தால் மகளின் எடைக்குக் காரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை.

பிரியாணியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். அது ஹலாலான, அருமையான உணவு. அதை நாம் தடுக்கப் போவதில்லை. ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ எண்ணெயும் நெய்யும் ஊற்றி எட்டுப் பேர் உண்டால், ஒருவர் பங்கு 30 கிராமுக்கு மேல். ஒரு நாளைய எண்ணெய் முழுவதும் அந்த ஒரு தட்டில் முடிந்தது. அதன்மேல் பிரெட் அல்வா! ஆகவே பிரியாணி உண்ட நாளில் இரவுக்கு ரசமும் கீரையும் போதும். வலீமா, அகீகா, கத்தம் என்று மாதத்தில் எத்தனை விருந்து என்பதையும் வீட்டார் சேர்ந்து கணக்கிடுங்கள். தாலிச்சா என்பது நம் முன்னோர் அறிந்து வைத்த துணை. பருப்பும் சுரைக்காயும் கத்தரிக்காயும் சேர்ந்தது. அதை இரு கரண்டி கூட்டிச் சோற்றை இரு கரண்டி குறைத்தால் வயிறும் நிறையும், கணக்கும் சரியாகும். சுரைக்காய் நபி (ஸல்) அவர்கள் தட்டில் தேடி எடுத்து உண்ட காய் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்க, நம் பிள்ளைகள் அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறார்கள்.

தட்டைப் பிரிக்கும் முறை எளிது. பாதித் தட்டுக் காய்கறியும் கீரையும். கால் தட்டுச் சோறு. மீதிக் கால் தட்டுப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி ஆகியவற்றில் ஒன்று. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 46 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. புரதம் குறைந்தால் பசி அடங்காது. பசி அடங்காவிட்டால் மாலை நான்கு மணிக்குச் சமோசா கையில் ஏறும். இறைச்சி உண்ணும் சமுதாயமாகிய நாம் புரதத்தில் குறையே இல்லை என்று எண்ணுகிறோம். குழம்பில் கிடக்கும் நல்ல கறித்துண்டுகள் யார் தட்டில் விழுகின்றன என்று பாருங்கள். ஆண்கள் உண்டு எழுந்த பின் பெண்களுக்கு மிஞ்சுவது சால்னாவும் சோறும். அத்தாவுக்கும் அண்ணனுக்கும் புரதம், மகளுக்கு மாவும் எண்ணெயும் என்றால், எடை எங்கே கூடும், இரத்தம் எங்கே குறையும் என்று சொல்லவும் வேண்டுமா? ஒரே சஹனில் சேர்ந்து உண்ணும் வழக்கமாவது குடும்பத்துக்குள் திரும்பட்டும்.

இரத்தசோகைக்கு ஈரல், முருங்கைக்கீரை, அதன்மேல் எலுமிச்சைச் சாறு நல்லது. ஆனால் உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீர், காபி வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியது. அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. விருந்துக்குப் பின் உடனே சுலைமானி குடிப்பதில் நாம் ஜீரணத்தைத்தான் பார்க்கிறோம்; இரும்பு போவது தெரிவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக நேரம். கடை வைத்திருக்கும் குடும்பங்களில் அத்தா ஷட்டரை இறக்கிவிட்டு வர இரவு பத்தரை ஆகிறது. வரும்போது ஆற்காடு சாலையில் பரோட்டாவோ ஷவர்மாவோ கட்டி வருகிறார். அன்பினால்தான் வாங்கி வருகிறார். மகளும் அதுவரை காத்திருந்து உண்டு, உடனே படுக்கிறாள். பிறகு பஜ்ரும் தாமதம், பசியாறலும் இல்லை. மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் உண்டு முடிப்பது என்ற இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே பாதி வழி கடந்ததாகும்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும் ஒரு பங்கு தண்ணீருக்கும் ஒரு பங்கு மூச்சுக்கும் என்ற நபிமொழியை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதில் உணவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதைப் பட்டினி கிடக்கும் பெண்பிள்ளைகளுக்கு நினைவூட்டுகிறோம்.

எவ்வளவு வேகமாக?

வாரத்துக்கு அரைக் கிலோ. அதற்கு மேல் அவசரம் வேண்டாம். பத்து நாளில் ஐந்து கிலோ என்று விளம்பரம் செய்பவர்கள் பொய் சொல்வதில்லை. போவது என்ன என்பதைத்தான் சொல்வதில்லை. முதலில் போவது உடலின் நீர். அடுத்துத் தசையும் கரைகிறது. தசை குறைந்தால் உடல் எரிக்கும் ஆற்றலும் குறைகிறது. பழையபடி உண்ணத் தொடங்கியதும் எடை முன்னிலும் கூடுதலாகத் திரும்பும். பொடி, மாத்திரை, பழச்சாறு மட்டும் என்ற முறைகள் யாவும் இதில் அடங்கும்.

2025 முதல் நம் நாட்டிலும் எடை குறைக்கும் வார ஊசிகள் கிடைக்கின்றன. அவை உண்மையான மருந்துகள். உடல் பருமன் நோயாக முற்றியவர்களுக்கு மருத்துவர் எழுதித் தருபவை. நிக்காஹ் தேதி குறித்தபின் நான்கு கிலோ குறைக்க அவற்றை நாடக் கூடாது. கர்ப்பத்துக்கு முன்பே சில வாரங்கள் அவற்றை நிறுத்தியாக வேண்டும் என்பதைப் புதுமணப் பெண்கள் அறிந்திருக்க வேண்டும்.

நோன்புக் காலத்தில் எடை குறையும் என்று எதிர்பார்த்து, கூடியதைக் கண்டு வியப்பவர்கள் பலர். நோன்புக் கஞ்சியின் மேல் பழி இல்லை. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்ந்த கஞ்சி நல்ல உணவு. பக்கத்தில் வந்து அமரும் சமோசா, பஜ்ஜி, ரோஸ் மில்க் ஆகியவற்றைக் கேளுங்கள்.

நடை

வாரத்தில் ஐந்து நாள், முப்பது நிமிட விரைந்த நடை. சோறு குறைப்பதைவிட இது நம் பெண்களுக்குக் கடினம் என்பதை அறிவோம். தெருவில் நடக்கக் கூச்சம், உடன்வர ஆளில்லை, உறவினர் என்ன சொல்வார்களோ என்ற எண்ணம். தியாகராய நகரின் நடேசன் பூங்காவிலும் பனகல் பூங்காவிலும் அதிகாலையில் பெண்கள் பலர் நடக்கிறார்கள். அபாயா அணிந்து நடப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. தாயும் மகளும் சேர்ந்து செல்லுங்கள். தந்தை பின்னால் வரட்டும், அவருக்கும் தேவைப்படும். அதுவும் முடியாதென்றால் மொட்டை மாடி இருக்கிறது. வெயில் படும் நேரத்தில் கை, முகம் திறந்து மாடியில் நடந்தால் வைட்டமின் டி குறைபாட்டுக்கும் அது மருந்தாகும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்களிடம் அக்குறை மிகுதி.

உணவால் மட்டும் தீராதவை

சரியாக உண்டும், நடந்தும் எடை கூடுகிறதென்றால் பெண்ணைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம். மாதவிடாய் தள்ளிப்போய், முகத்தில் முடியும் பருவும் தோன்றினால் சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கலாக இருக்கலாம்; உலகில் நூறு பெண்களில் ஆறு முதல் பதின்மூன்று பேருக்கு அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு இருக்கும் எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் சீராவதற்கு உதவும். 70 கிலோ உள்ளவர் 65க்கு வந்தால் போதுமான தொடக்கம். அதற்குக் காத்திருக்காமல் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை ஆகிய மூன்று பரிசோதனைகளையும் செய்துவிடுங்கள். மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கே.கே. நகர் அரசு மருத்துவமனையிலும் இதற்கு வழி கேட்கலாம். குமர்ப்பெண்ணை மருத்துவரிடம் அழைத்துப் போனால் ஊர் பேசும் என்று அஞ்சி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டு, திருமணத்துக்குப் பின் குழந்தையில்லை என்று அலைபவர்களையும் நாம் பார்க்கிறோம்.

இறுதியாக, வரன் பேச்சு. ஒருவரையொருவர் எள்ளாதீர்கள் என்று கூறும் இறைவன், அந்த வசனத்தில் பெண்களைத் தனியாகவும் குறிப்பிட்டு எச்சரிக்கிறான். தட்டில் பழம் வைத்து வரவேற்ற வீட்டில் அமர்ந்து, "பொண்ணு கொஞ்சம் பூரிப்பா இருக்கு" என்று கூறி எழுந்து போகிறவர்கள் அதை ஓதியிருப்பார்களா என்று தெரியவில்லை. அந்த ஒரு வரிக்குப் பிறகு அவ்வீட்டில் எத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தது என்பதையும் அவர்கள் அறியமாட்டார்கள். பெண்ணின் எடையைக் கேட்பவர்களிடம் கோபப்பட வேண்டாம். மருத்துவச் சோதனை முடிவை எடுத்து வைத்து, அதேபோல் மாப்பிள்ளையினுடையதையும் கேளுங்கள். தமிழக ஆண்களிலும் 37 சதவீதத்தினர் அதிக எடையினர் என்று அதே ஆய்வு சொல்கிறது. ஆண்களுக்கான இடுப்பளவு 90 சென்டிமீட்டர். தையல் டேப்பை அருகில் வைத்திருங்கள்.